இரண்டு பெட்டி பட்டன்

2017 ஆடி மாதம் என் குடோனில் இரண்டு பெட்டி பட்டன் குறைந்தது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பட்டனும் ஜிப்பும் தருவித்துக் கொடுப்பது என் தொழில். சரக்கு வருவது சீனாவின் செஜியாங் மாகாணத்து யீவூ நகரிலிருந்து. சுமார் 75,000 கடைகள் கொண்ட மொத்தச் சந்தை அங்கே இருக்கிறது. கடைக்கு ஒரு நிமிஷம் என்று நாளுக்கு எட்டு மணி நேரம் நின்றாலும் சுற்றி முடிக்க ஐந்து மாதம் ஆகும். அந்தச் சந்தையில் ஒருவரிடம் பதினோரு வருஷமாகச் சட்டைப் பட்டன் வாங்கிவந்தேன். பெயர் வேண்டாம். அங்கே முதலாளி என்றால் யாராக இருந்தாலும் ‘லாவ்பான்’தான். நானும் அப்படியே சொல்கிறேன்.

பில்லில் 40 பெட்டி. இறங்கியது 38. வீசாட்டில் சூடாக நாலு வரி அனுப்பினேன். போட்டோ அனுப்பு, எடைச்சீட்டு அனுப்பு என்று இழுத்தடிப்பார் என நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது: அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம். 18,400 ரூபாய்.

எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்பவள் ஒரு சீனப் பெண். இந்திப் படம் பார்த்தே இந்தி கற்றவள். அவள் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். அவர்கள் ஊரில் ஒரு சொலவடை உண்டாம்: ஜுன்சி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாலு குதிரை பூட்டிய தேரில் துரத்தினாலும் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. ஜுன்சி என்றால் யார் என்று கேட்டேன். “கன்பூசியஸ் சொன்ன நல்ல ஆள்” என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, பழைய லேஸ் ரோல்களை நகர்த்தும்போது குடோன் பையன் கூப்பிட்டான். “அண்ணா, ரெண்டு பொட்டி இங்க கெடக்குதுங்க.”

“சரி, மேல ஏத்தி வை” என்றேன். அவ்வளவுதான். லாவ்பானுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் அடித்த லாபம் எவ்வளவு, இதெல்லாம் ஒரு கணக்கா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த தடவை அவர் கடையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கையில் தொண்டையில் ஏதோ நின்றது. அப்போதுதான் அந்தப் பெண்ணிடம் ஜுன்சியைப் பற்றி ஒழுங்காகக் கேட்டேன்.

அவள் ஒரு பில்லின் பின்பக்கத்தில் இரண்டு எழுத்து எழுதிக் காட்டினாள். முதல் எழுத்தில் மேலே கோலைப் பிடித்த கை, கீழே வாய். கோலெடுத்து ஆணையிடுகிறவர், அதாவது ஆட்சியாளர். இரண்டாவது எழுத்து, பிள்ளை. ஆக ஜுன்சி என்றால் துரை வீட்டுப் பிள்ளை. கன்பூசியஸுக்கு முன்னால் அந்தச் சொல்லுக்குப் பொருள் பெரும்பாலும் அதுதான். பிறப்பால் வருவது. அதற்கு எதிர்ச்சொல் ‘சியாவ்ரென்’, எழுத்துக்கு எழுத்து சின்ன மனுஷன். குடியானவன், கூலிக்காரன், சாமானியன்.

கி.மு. 551இல் லூ என்ற சிறு நாட்டில், இன்றைய ஷான்டோங் மாகாணத்தில், பிறந்த கன்பூசியஸ் இந்த இரண்டு சொல்லையும் பிறப்பிலிருந்து பிடுங்கி நடத்தையில் நட்டார். துரை வீட்டில் பிறந்தவன் சின்ன மனுஷனாக இருக்கலாம், குடிசையில் பிறந்தவன் ஜுன்சி ஆகலாம். அவர் தன்னிடம் படிக்க வந்தவர்களிடம் குலம் பார்க்கவில்லை. ஒரு கட்டு உலர்ந்த இறைச்சியைக் குருதட்சிணையாகக் கொண்டுவந்தால் போதும் என்றார்.

ஜேம்ஸ் லெக் 1861இல் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஜுன்சி என்பதை ‘சுப்பீரியர் மேன்’ என்று எழுதினார். டி.சி. லாவ் 1979இல் ‘ஜென்டில்மேன்’ என்றார். என் மகள் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துவந்து கொடுத்தது லாவின் புத்தகம்தான். தமிழில் சான்றோன் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். ஆனால் எனக்கு ‘பெரிய மனுஷன்’ தான் சரியாகப் படுகிறது. மிட்டாமிராசையும் அப்படிச் சொல்கிறோம். “ஒரு பெரிய மனுஷன் செய்யற வேலையாய்யா இது?” என்று அதே மிராசைத் திட்டவும் அதே சொல்லைத்தான் எடுக்கிறோம். அந்த இரண்டாவது ‘பெரிய மனுஷன்’ தான் கன்பூசியஸின் ஆள்.

அவர் பேச்சுகளை மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும் தொகுத்த ‘லுன்யூ’ ஒல்லியான புத்தகம். இருபது பகுதி, சுமார் ஐந்நூறு துணுக்கு. ஜுன்சி என்ற சொல் நூறு தடவைக்கு மேல் வருகிறது. முதல் துணுக்கிலும் வருகிறது, கடைசித் துணுக்கிலும் வருகிறது. ஆனால் இதுதான் ஜுன்சி என்று ஒரு இலக்கணம் எந்தப் பக்கத்திலும் கிடையாது. கேட்கிற ஆளைப் பார்த்துப் பதில் மாறுகிறது. கவலையில் கிடக்கிற மாணவன் கேட்டால், ஜுன்சிக்குக் கவலையும் இல்லை பயமும் இல்லை என்கிறார். வாய்ப்பேச்சில் கெட்டிக்காரன் கேட்டால், முதலில் செய்துவிட்டுப் பிறகு பேசுகிறவன் ஜுன்சி என்கிறார்.

அந்த வாய்ப்பேச்சுக் கெட்டிக்காரன் பெயர் சிகோங். புத்தகத்தைப் படிக்கத் தொடங்கி இருபது பக்கம்கூடத் தாண்டியிருக்க மாட்டேன், இவனை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றிவிட்டது. கன்பூசியஸைவிட முப்பத்தொரு வயது இளையவன். வெய் நாட்டுக்காரன். வியாபாரி. விலை ஏறும் இறங்கும் என்று இவன் போடும் கணக்கு பெரும்பாலும் பலிக்கும் என்று குருவே ஒப்புக்கொள்கிறார். பின்னாளில் வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதிய பெரும் பணக்காரர்கள் அத்தியாயத்தில் இவன் பெயரும் இருக்கிறது. கன்பூசியஸின் புகழ் நாடெங்கும் பரவியதற்கு இவன் செல்வாக்கும் ஒரு காரணம் என்கிறார் அவர்.

சிகோங் எல்லாவற்றுக்கும் விலை பார்க்கிறான். மாதா மாதம் ஒரு சடங்குக்கு ஆடு பலியிடுகிறார்கள். சடங்கே ஒழுங்காக நடப்பதில்லை, ஆட்டுச் செலவு எதற்கு, நிறுத்திவிடலாம் என்கிறான். உனக்கு ஆட்டின் மேல் பிரியம், எனக்குச் சடங்கின் மேல் பிரியம் என்கிறார் குரு. வேறொரு நாள் குருவிடமே வியாபாரப் பாஷையில் பேச்சுக் கொடுக்கிறான். ஒரு நல்ல பச்சைக்கல் கையில் இருக்கிறது, பெட்டியில் பூட்டி வைப்பதா, நல்ல விலைக்கு விற்றுவிடுவதா? கல் யார் என்று அவருக்குத் தெரியும். விற்றுவிடு, விற்றுவிடு, நானும் விலைக்காகத்தான் காத்திருக்கிறேன் என்கிறார். வேலை தர ஒரு நல்ல அரசன் கிடைக்காமல் அலைந்த மனிதர் அவர். அந்தப் பதிலில் சிரிப்பும் இருக்கிறது, வலியும் இருக்கிறது.

இவ்வளவு கெட்டிக்காரனுக்குக் குருவிடம் கிடைத்த சான்றிதழ் என்ன தெரியுமா? என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டே விட்டான். நீ ஒரு பாத்திரம் என்றார். என்ன பாத்திரம் என்றான். முன்னோர் கோயிலில் தானியம் படைக்கிற உயர்ந்த பாத்திரம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே புத்தகத்தில் கொஞ்சம் முன்னால் அவர் சொன்ன இன்னொரு வார்த்தை உண்டு. ஜுன்சி பாத்திரம் அல்ல. பாத்திரத்துக்கு ஒரே உபயோகம். அண்டாவில் காபி ஆற்ற முடியாது. வேலையில் சூரன், கணக்கில் புலி, இதெல்லாம் நல்ல பாத்திரத்தின் லட்சணம். ஆளின் லட்சணம் வேறு.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஜிப்பு ஓட்டத்தைக் காதால் கேட்டே ஸ்லைடரின் தரத்தைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு மார்க்கெட்டில் பெயர்.

தன் ஐம்பதுகளின் நடுவில் கன்பூசியஸ் லூ நாட்டுப் பதவியை விட்டு வெளியேறினார். கி.மு. 497 வாக்கில். அதன்பின் சுமார் பதினாலு வருஷம் மாணவர்களோடு நாடு நாடாக அலைச்சல். சென் நாட்டுப் பக்கம் ஒருமுறை மாட்டிக்கொண்டார்கள். சாப்பாடு தீர்ந்தது. கூட இருந்தவர்கள் எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிட்டார்கள். சிலு என்ற மாணவனுக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. முன்பு சேவல் இறகுத் தொப்பியும் பன்றித் தோலுமாகத் திரிந்த முரட்டு ஆள் அவன். குருவைவிட ஒன்பது வயதுதான் இளையவன். மற்றவர்கள் தயங்குவதை முகத்துக்கு நேராகக் கேட்பவன். ஜுன்சிக்கும் இப்படிக் கஷ்டம் வருமா என்று கேட்டான்.

வரும் என்றார் கன்பூசியஸ். கஷ்டத்தில் ஜுன்சி நிலை பிசகாமல் நிற்பான், சின்ன மனுஷன் கரை உடைத்துக்கொண்டு ஓடுவான், அவ்வளவுதான் வித்தியாசம். நல்லவனாக இரு, நல்லது நடக்கும் என்று அவர் சொல்லவே இல்லை. புத்தகம் முழுக்கத் தேடினேன், அந்த உத்தரவாதம் எங்கும் கிடைக்கவில்லை. எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான்.

அதே பட்டினி நாட்களைப் பற்றி ‘லூஷி சுன்சியு’ என்ற பழைய நூலில் ஒரு கதை இருக்கிறது. யான் ஹுய் என்ற ஏழை மாணவன், குருவுக்கு மிகவும் பிடித்தவன், எங்கோ கொஞ்சம் அரிசி வாங்கிவந்து பொங்குகிறான். சோறு வேகிற சமயம் அவன் பானைக்குள் கைவிட்டு அள்ளி வாயில் போடுவதைக் கன்பூசியஸ் தூரத்திலிருந்து பார்த்துவிடுகிறார். பார்க்காததுபோல் இருந்து, சாப்பாடு வந்ததும், கனவில் அப்பா வந்தார், இந்தச் சோற்றை முதலில் அவருக்குப் படைக்கலாம் என்கிறார். யான் ஹுய் கூடாது என்கிறான். பானையில் கரி விழுந்துவிட்டது, சோற்றைக் கொட்ட மனமில்லாமல் கரி பட்ட இடத்தை எடுத்து நானே தின்றுவிட்டேன் என்கிறான். எச்சில் பட்டதைப் படைக்க முடியாதே. கண்ணை நம்பினேன், கண்ணும் மோசம் செய்கிறது என்று கன்பூசியஸ் எல்லோர் முன்னாலும் வருந்தினாராம். இது நடந்ததோ, பின்னால் கட்டியதோ, சந்தேகப்பட்டது குரு, சுத்தமாக இருந்தது சீடன் என்று அந்தக் காலத்தில் ஒருவர் துணிந்து எழுதிவைத்திருக்கிறார். குடோனில் சரிவரத் தேடாமல் வீசாட்டில் நாலு வரி தட்டியவனுக்கு இது சுடத்தான் செய்யும்.

முரட்டுச் சிலுவின் முடிவையும் சொல்ல வேண்டும். கி.மு. 480இல் வெய் நாட்டு அரண்மனையில் கலகம். சிலு அங்கே ஒரு பிரபு வீட்டில் உத்தியோகத்தில் இருந்தான். தப்பித்து வெளியே வந்த சகமாணவன் உள்ளே போகாதே என்கிறான். சம்பளம் வாங்கித் தின்றவன் ஆபத்தில் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறான் சிலு. இரண்டு பேர் ஈட்டிக் கோடரியால் வெட்டுகிறார்கள். தொப்பிக் கயிறு அறுகிறது. ஜுன்சி தொப்பி விழுந்த கோலத்தில் சாகமாட்டான் என்று சொல்லி, கயிற்றை முடிந்துகொண்டு சாகிறான். உடம்பைக் கொத்தி உப்பில் ஊறவைத்தார்கள் என்று செய்தி வந்ததும், கன்பூசியஸ் தன் வீட்டிலிருந்த இறைச்சி ஊறுகாயைக் கொட்டச் சொன்னாராம்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சாகிற நேரத்தில் தொப்பியா என்று ஒரு பக்கம் எரிச்சல். வாழ்நாளெல்லாம் ஜுன்சி என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தவன், கடைசி நிமிஷத்தில் கைக்கு எட்டிய அளவு அதைச் செய்து காட்டிவிட்டுப் போனான் என்று இன்னொரு பக்கம் தொண்டை அடைக்கிறது.

என் மகளிடம் இந்தக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் அந்தப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறாள். “ஏனுங்கப்பா, அவரு சொல்ற பெரிய மனுஷன்ல பொம்பளைங்க உண்டுங்களா?” என்றாள். பெண்களையும் சின்ன மனுஷர்களையும் ஒரே மூச்சில் சேர்த்து, இவர்களை வைத்துச் சமாளிப்பது கஷ்டம், நெருங்கினால் ஏறிக்கொள்வார்கள், விலகினால் குறைப்படுவார்கள் என்று கன்பூசியஸ் சொன்ன பக்கத்தை விரல் வைத்துக் காட்டினாள். “அந்த ஒரு இடம் சரியில்ல அம்மிணி” என்றேன். “ஒரு எடமா?” என்றாள். அறிஞர்கள் அந்த வரிக்கு என்னென்னவோ சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. 1918இல் சீன எழுத்தாளர் லூ சுன் எழுதிய ‘பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ இந்த அறவொழுக்கப் பேச்சுக்கு அடியில் மனிதர்களைத் தின்னும் பழக்கம் இருப்பதாகக் காட்டியது. அந்தக் கோபம் சும்மா வந்ததல்ல.

2018 கார்த்திகையில் யீவூ வேலை முடிந்ததும் ஷாங்காய் போய், அங்கிருந்து அதிவேக ரயிலில் கன்பூசியஸ் ஊரான சூஃபுவுக்குப் போனேன். மொழிபெயர்க்கும் பெண்ணும் அவள் அம்மாவும்கூட வந்தார்கள். அவர்களும் பார்த்ததில்லையாம். கன்பூசியஸ் கோயிலின் பெரிய மண்டபத்தில் 28 கல்தூண்கள். முன்வரிசைத் தூண்களில் நாகம் சுற்றியதுபோல் டிராகன்கள். நம் சிற்பிகள் பார்த்தாலும் ஒரு நிமிஷம் நிற்பார்கள்.

பக்கத்திலேயே கன்பூசியஸ் வம்சமான கோங் குடும்பத்தின் மாளிகை. இன்றும் சுமார் 480 அறைகள் நிற்கின்றன. 1055இல் சோங் வம்சத்து அரசர் கன்பூசியஸின் வாரிசுக்குக் கோமகன் பட்டம் கொடுத்தார். தலைமுறை தலைமுறையாக 1935 வரை அந்தப் பட்டம் வந்தது. பிறப்பில் ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னார். அவருக்குப் பிறந்ததாலேயே அவர் வம்சம் கிட்டத்தட்ட தொள்ளாயிரம் வருஷம் துரைகளாக இருந்தது. கன்பூசியஸ் இதைப் பார்த்திருந்தால் சிகோங்கிடம் சொன்னதுபோல் ஏதாவது கிண்டலாகச் சொல்லியிருப்பார்.

அந்த மாளிகையின் உள்வீட்டு வாசல் சுவரில் ஒரு மிருகம் வரைந்திருக்கிறது. செதிலும் குளம்புமாக இருக்கும் அதன் காலடியில் உலகத்துப் பொக்கிஷமெல்லாம் கிடக்கிறது. அது போதாமல் சூரியனைப் பார்த்து வாயைப் பிளக்கிறது. பேராசைக்கு அவர்கள் கொடுத்த உருவம். வீட்டார் வெளியே போகும்போது கண்ணில் படுகிற மாதிரி உட்பக்கம் பார்த்து வரைந்திருக்கிறார்கள். வருகிற விருந்தாளிக்கு உபதேசம் கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது.

திரும்பும் வழியில் அந்தப் பெண்ணின் அம்மா ஜுன்சி என்ற சொல் பட்ட பாட்டையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். சீனத்தில் திருடனுக்கு ‘உத்தரத்து ஜுன்சி’ என்று பெயர் உண்டு. பிந்தைய ஹான் காலத்தில் சென் ஷி என்ற அதிகாரி ஒரு ராத்திரி தன் வீட்டு உத்தரத்தில் திருடன் ஒளிந்திருப்பதைப் பார்த்துவிட்டார். கூச்சல் போடவில்லை. பிள்ளைகளையும் பேரன்களையும் எழுப்பி உட்காரவைத்து, கெட்டவர்கள் பிறக்கும்போதே கெட்டவர்கள் இல்லை, பழக்கம்தான் அப்படி ஆக்குகிறது, உதாரணத்துக்கு மேலே இருக்கிற ஜுன்சியைப் பாருங்கள் என்றார். திருடன் பொத்தென்று குதித்துக் காலில் விழுந்தான். இரண்டு சுருள் பட்டு கொடுத்து அனுப்பிவைத்தார்.

இன்னொன்று வியாபாரிகளுக்கான கதை. ‘ஜுன்சி லான்’ என்று ஒரு பூச்செடி. 1980களின் முற்பாதியில் வடகிழக்கில் சாங்சுன் நகரத்துக்கு அந்தச் செடிப் பைத்தியம் பிடித்தது. 1984இல் அதையே நகரத்தின் மலராக அறிவித்தார்கள். தொழிலாளியின் பல வருஷச் சம்பளத்துக்கு ஒரு தொட்டி விலை போனது. செடித் திருட்டும் நடந்தது. மறு வருஷம் அரசு தலையிட்டதும் விலை பாதாளத்துக்குப் போனது. அம்மாவுக்கு அப்போது இளவயது. அந்த ஊர்ச் செய்தியைப் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்களாம். ஜுன்சி பெயரில் சூதாட்டம்.

கடைசியாகக் கோங் காட்டுக்குப் போனோம். அந்தக் குடும்பத்தார் ஒரு லட்சம் பேருக்கு மேல் புதைந்திருக்கிற இடம். முதிர்ந்த சைப்ரஸ் மரங்கள், நடுவே கன்பூசியஸின் மண்மேடு. முன்னால் நிற்கிற மிங் காலத்துக் கல்லில் கோணல்மாணலாக விரிசல் ஓடுகிறது. 1966 நவம்பரில், கலாசாரப் புரட்சியின்போது, பெய்ஜிங்கிலிருந்து வந்த செங்காவலர்கள் அதை உடைத்தார்கள். பிறகு ஒட்டவைத்தது. ஒட்டை மறைக்க யாரும் ரொம்ப மெனக்கெடவில்லை.

மேட்டுக்கு மேற்கே ஒரு சிறிய வீடு. மற்ற மாணவர்கள் மூன்று வருஷம் துக்கம் காத்துவிட்டுப் போய்விட, சிகோங் மட்டும் இன்னொரு மூன்று வருஷம் குடிசை போட்டு இருந்த இடம் என்று காட்டுகிறார்கள். ஆறு வருஷம் கடையை மூடிய வியாபாரி. பாத்திரம் என்று சொன்ன மனிதருக்காக.

அங்கே ஒரு கல்பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். புத்தகத்தின் பின்பகுதியில், குரு போன பிறகு மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற இடங்கள் வரும். சின்ன மனுஷன் தப்பு செய்தால் அதற்குப் பூச்சு பூசுவான் என்கிறான் சிஷியா என்ற மாணவன். ஜுன்சியின் தப்பு சூரிய சந்திர கிரகணம் மாதிரி, எல்லோரும் பார்க்கிறார்கள், திருத்திக்கொண்டால் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள் என்கிறான் சிகோங். குருவும்கூட, படிப்பில் வேண்டுமானால் நான் மற்றவர்களுக்குச் சமம், ஜுன்சியாக நடப்பது இன்னும் கைவரவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண்ணிடம் போனை எடுக்கச் சொல்லி, லாவ்பானுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்றேன். இரண்டு பெட்டி போன வருஷமே என் குடோனில் கிடைத்துவிட்டது, 18,400 ரூபாயை இந்த பில்லில் சேர்த்துக்கொள்ளவும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பினாள். குரல்செய்தியாகப் பதில் வந்தது. ஓரமாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

“தெரியுமாம். அன்னைக்கு லாரியில 40 பெட்டி ஏத்தினதை அவரே நின்னு எண்ணியிருக்கார்.”

“அப்புறம் எதுக்குக் கழிச்சார்னு கேளு.”

கேட்டாள். அதற்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேறு செய்தி வந்தது: 18 லைன் வெள்ளை எத்தனை குரோஸ் வேண்டும், பொங்கலுக்கு முன்னால் அனுப்பணுமா?